தொட்டுப் பார்க்கும் விரல்

கேள்வி: ஜப்பானின் செகி நகரில் அக்டோபரில் நடக்கும் கத்தித் திருவிழாவுக்குப் போகிறேன். கத்தியை எடுத்துப் பார்க்கிறவர்கள் கையை வெட்டிக்கொள்கிறார்களே, ஏன்?

பதில்: வீட்டுக் கத்தியோடு பழகிய விரல்தான் காரணம். மழுங்கிப்போன கத்தியைக் கட்டைவிரலால் வருடிப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். செகியோ சுமார் 700 ஆண்டுகளாக வாள் அடித்த ஊர். அங்கே தீட்டிய கத்தி உங்கள் வருடலை அன்பாக எடுத்துக்கொள்ளாது! லேசான அழுத்தத்தைத் தாங்கும் தோல், இழுப்பைத் தாங்காது. விளிம்பு நெடுக விரல் நகர்ந்தால் அரை நொடி போதும். கூர்மை பார்க்க ஒரு தாளைக் கேட்டு வாங்கி வெட்டிப் பாருங்கள்.

எனக்கு அதிகக் கவலை மடக்குக் கத்தியில்தான். 'லைனர் லாக்' வகையில் உள்தகட்டைக் கட்டைவிரலால் ஒதுக்கித்தான் மடக்க வேண்டும். அந்த விரல் நிற்பதோ அலகு திரும்பி வரும் வழியில். பூட்டு விடுபட்டு அலகு சற்றே மடங்கியதும் விரலை எடுத்துவிட வேண்டும். பழகாத பூட்டென்றால் கூச்சப்படாமல் கடைக்காரரையே முதலில் மடக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

கைதவறி விழுந்தால் பிடிக்கப் பாயாதீர்கள், காலை விலக்குங்கள். கத்தியின் விலையைக் கொடுத்துவிடலாம்; விரல் நரம்புக்கு விலை ஏது?

கூரிய வெட்டு முதலில் வலிக்காமலும் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். சுத்தமான துணியால் 10 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் திறந்து பார்க்க வேண்டாம். ரத்தம் நிற்காவிட்டாலோ, விரல் மரத்தாலோ, மடங்காவிட்டாலோ திருவிழாவை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.