பல்முகவர் நிரற்கட்டமைப்பில் விவரம் தேடுதல்: ஓர் அலுவலகவியல் நோக்கு

பல ஏஐ ஏஜென்ட்டுகள் கூடி மென்பொருள் எழுதும் கட்டமைப்புகளில் ஒரு தொழில்நுட்ப விவரத்தைத் தேடுவது நிரலாக்கத்தின்பாற்பட்ட வேலை என்றே அறிஞர் பலரும் கருதிவருகின்றனர். அது அலுவலகவியலின்பாற்பட்டது என்பதே இக்கட்டுரையின் துணிபு. 2023இல் வெளிவந்த மெட்டாஜிபிடியைச் சான்றாகக் கொள்வோம். புராடக்ட் மேனேஜர், ஆர்க்கிடெக்ட், புராஜெக்ட் மேனேஜர், இன்ஜினியர் என அதற்குள் பதவிகள் வரிசைகட்டி நிற்கின்றன. அதே ஆண்டில் வந்த சாட்டெவ்வில் தலைமைச் செயல் அதிகாரியே உண்டு. எல்லாம் ஒரு மொழி மாதிரி மாறிமாறிப் போடும் வேடங்கள்தாம். ஆயினும் மெட்டாஜிபிடியில் புராடக்ட் மேனேஜரின் தேவை அறிக்கை கைக்கு வராமல் ஆர்க்கிடெக்ட் அசைவதில்லை. அவர் வடிவமைப்பு வராமல் அடுத்த மேசை அசைவதில்லை. யார் எந்தத் தாளுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதை நிரலில் 'வாட்ச்' என்ற ஒரு வரி தீர்மானிக்கிறது. ஆகவே இன்ஜினியர் ஏன் சும்மா இருக்கிறார் என்று ஆராய்பவர் இன்ஜினியரைக் குடைந்து பயனில்லை. தாள் யார் மேசையில் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்திப் பழகியவருக்கு இது ஒரு பயிற்சியே அன்று. நிதி ஒதுக்கீடும் உண்டு: நாமாக எதுவும் குறிப்பிடாவிட்டால் முதலீடு 3 டாலர். செலவு அதைத் தாண்டினால் 'நோ மனி' என்ற பிழையோடு நிறுவனம் கதவடைக்கும். (அங்கே ஆலிஸ், பாப், ஈவ் என்று பெயர்கள் வேறு. மறைகுறியியல் நூல்களில் ஈவ் என்பவள் ஒட்டுக்கேட்பவள். இங்கே அவள்தான் புராஜெக்ட் மேனேஜர். பெயர் வைத்தவருக்கு அனுபவம் இருந்திருக்கிறது.)

இப்பதவிகள் வெறும் பிராம்ப்ட்டுகள், அலுவலகம் எங்கே வந்தது என்று சிலர் மறுப்பர். ஒரு நிறுவனத்தில் யார் யாரோடு பேசுகிறார்களோ அதே வார்ப்பில்தான் அது படைக்கும் மென்பொருளும் அமையும் என்று மெல்வின் கான்வே 1968இலேயே எழுதிவிட்டார். இங்கோ நிறுவனமே மென்பொருள், தப்ப வழியில்லை. தேடும் விவரத்தை இன்னொரு ஏஐயிடமே கேட்டால் போதாதா என்பது வலுவான மறுப்பு. கேட்கலாம். ஆனால் மெட்டாஜிபிடியின் தொடக்கப் பதிப்புகளில் ஏபிஐ சாவி 'கீ.யாமல்' என்ற கோப்பில் இருந்தது, பின்னர் 'கான்ஃபிக்2.யாமல்' என்பதற்கு இடம்பெயர்ந்தது. பழைய பதிப்பை மட்டும் படித்துத் தேறிய ஏஐ, ஓய்வுபெற்ற கிளார்க்கின் கம்பீரத்தோடு பழைய பீரோவையே கைகாட்டும். மூல நிரல் திறந்தே கிடக்கிறதே, படித்துக்கொள்ளலாமே என்பாரும் உளர். அதை ஏற்கிறோம், ஆனால் படிக்கும் முன் எந்தப் பதிப்பு நம் கணினியில் நிறுவப்பட்டிருக்கிறது என்று பார்த்தாக வேண்டும், அதுவும் ஒரு தேடலே.