ஒரே சம்பளம், மூன்று பெட்டி

ஸ்காபரோ, கனடா,
மார்ச் 2026

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். நீங்களும் லயத்துச் சனமும் சுகம் என்பது உங்கள் குரல் செய்தியிலேயே தெரிந்தது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசியிருக்கிறீர்கள். அதில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: நான் இரண்டரைக் கோடி ரூபா சம்பாதிக்கிறேன், அதை மறைக்கிறேன், கோயில் கமிட்டித் தலைவர் கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கும் விசயமாக இரண்டு தரம் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

எல்லாம் தங்கச்சியின் கணக்கு. கேட்டாளே என்று சம்பளத் தாளைப் படம் எடுத்து அனுப்பினேன். அவள் பெட்டி பெட்டியாகக் கூட்டி, டொலரை ரூபாயில் பெருக்கி, பசறை பஸ் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அந்தத் தாளுக்கு டீ-4 என்று பெயர். பி.ஓ.பி., டஸ்ட் மாதிரி தூள் ரகம் என்று நினைக்க வேண்டாம். போன வருசம் முழுக்க வாங்கிய சம்பளத்தின் கணக்கு அது. பெப்ரவரி முடிவதற்குள் முதலாளி எனக்கும் கொடுக்க வேண்டும், வரிக் கந்தோருக்கும் அனுப்ப வேண்டும். நான் ஏப்ரல் 30க்குள் வரிக் கணக்குக் காட்ட வேண்டும். அவர்கள் கையில் ஏற்கெனவே இருப்பதை நான் ஏன் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று கேட்காதீர்கள். பிரட்டுக்களத்தில் கண் முன்னால் நிற்பவளின் பெயரைக் கூப்பிடுவதில்லையா?

14ஆம் பெட்டியில் இருப்பது பிடிப்பதற்கு முந்திய முழுச் சம்பளம். கணக்குக்கு 40,000 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24ஆம் பெட்டியிலும் 26ஆம் பெட்டியிலும் ஏறக்குறைய அதே தொகை மறுபடி வரும். அது மூன்று சம்பளம் இல்லை அம்மா. ஒரே சம்பளத்தை வரிக்கு ஒருவர், வேலையில்லாக் காப்புறுதிக்கு ஒருவர், பென்சனுக்கு ஒருவர் என்று மூன்று கணக்கப்பிள்ளைகள் மூன்று செக்ரோலில் எழுதி வைத்திருக்கிறார்கள். தங்கச்சி மூன்றையும் கூட்டிவிட்டாள்.

இந்த வித்தை உங்களுக்குப் புதிதில்லை. 2016 கூட்டு ஒப்பந்தத்தில் தோட்டத்து நாட்சம்பளம் 730 ரூபா என்றார்கள். அடிப்படை 500, வருகைக்கு 60, கூடுதல் கொழுந்துக்கு 140, விலைப் பங்கு 30 என்று நீங்கள்தான் விரல் விட்டுப் பிரித்துக் காட்டினீர்கள். கொழுந்து குறைந்தால் 140 போச்சு, நாள் குறைந்தால் 60 போச்சு. 2019இல் அடிப்படை 700, விலைப் பங்கு 50, ஆக 750. அதோடு கம்பனி உங்கள் சேமலாப நிதியான ஈபிஎப்புக்கும் நம்பிக்கை நிதியான ஈடிஎப்புக்கும் கட்டும் 105 ரூபாவையும் சேர்த்து 855 என்று பேசினார்கள். அன்றைக்கு நீங்கள் கேட்ட கேள்வியை நான் இங்கே எழுத முடியாது. அதையே இப்போது தங்கச்சியிடம் கேளுங்கள்.

இனிப் பிடிப்புகள். 16ஆம் பெட்டி கனடாப் பென்சன், நம் ஈபிஎப்புக்குச் சொந்தக்காரன். அங்கே உங்களிடம் நூற்றுக்கு 8, கம்பனியிடம் 12. இங்கே முதல் 3,500 டொலரை விட்டுவிட்டு என்னிடம் 5.95, முதலாளியிடமும் அதே 5.95. நாற்பதாயிரத்துக்கு என் பங்கு மட்டும் சுமார் 2,170 டொலர். 18ஆம் பெட்டி வேலை போனால் கைகொடுக்கும் காப்புறுதிக்கு, 2025இல் நூற்றுக்கு 1.64. 22ஆம் பெட்டி வருமான வரி. அதன் தொகையைச் சொல்ல மாட்டேன், நீங்கள் அழுவீர்கள்.

44ஆம் பெட்டியைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சங்கச் சந்தா! ஏழு கடல் தாண்டி வந்தும் சந்தா விடவில்லை. ஆனால் இங்கே அந்தத் தொகையை வருமானத்தில் கழித்துவிட்டுத்தான் வரி போடுகிறார்கள்.

40ஆம் பெட்டிதான் எனக்கு மிகவும் பிடித்தது. காசாகக் கைக்கு வராத சலுகைகளை வருமானமாக எண்ணி அதில் எழுதுகிறார்கள். முதலாளி என் பெயரில் ஆயுள் காப்புறுதி கட்டுகிறார். நான் செத்தால் உங்களுக்குக் காசு வரும். அந்தச் சலுகைக்கு நான் உயிரோடு இருந்து வரி கட்டுகிறேன். அதுவும் 14ஆம் பெட்டிக்குள்ளேயே அடக்கம். தங்கச்சி அதையும் தனியாகக் கூட்டியிருக்கிறாள்.

இலவச வீடும் சாப்பாடும் கொடுத்தால் அதன் பெறுமதிக்கு 30ஆம் பெட்டி. நம் லயத்துக்கு இந்தச் சட்டம் வந்தால் என்ன ஆகும் என்று பனி தள்ளும்போதெல்லாம் யோசிப்பேன். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா, ஒழுகும் தகரம். மதிப்புப் போட வருகிற அதிகாரி ஒரு மழைக்கு உள்ளே உட்கார்ந்திருந்தால், அரசாங்கம்தான் நமக்குப் பாக்கி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்.

45ஆம் பெட்டி என் பல்லைப் பற்றியது. மெய்தான். 2023இலிருந்து, வேலைத்தளம் யார் யாருடைய பல்லுக்குக் காப்புறுதி தருகிறது என்று ஓர் இலக்கம் போடுகிறார்கள். யாருக்கும் இல்லையென்றால் 1, எனக்கு மட்டும் என்றால் 2, பெண்சாதி பிள்ளைகளுக்கும் சேர்த்து என்றால் 3. என் தாளில் 2. தரகரிடம் சொல்லிவிடாதீர்கள், பெண் வீட்டார் பல் எண்ணிப் பார்ப்பார்கள்.

கோயில் தலைவருக்கும் ஒரு பெட்டி உண்டு, 46, தர்மத்துக்கு. ஆனால் கனடாவில் பதிந்த தர்ம ஸ்தாபனங்களுக்குத்தான் அது செல்லும். மாரியம்மன் இங்கே பதியவில்லை என்று பணிவாகச் சொல்லுங்கள். கொஞ்சம் அனுப்புகிறேன், கோபுரத்தில் ஒரு பக்கத்துக்குக் காணும்.

ஒரு காரியம் மட்டும் விளையாட்டில்லை. பெண்களுக்கு 50 வயதில் ஈபிஎப் எடுக்கலாம், நீங்கள் நெருங்கிவிட்டீர்கள். அடையாள அட்டையில் உங்கள் பெயர் ஒரு மாதிரி, தோட்டத்துப் பதிவில் இன்னொரு மாதிரி. தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு பதுளைத் தொழில் கந்தோருக்குப் போய், என்னென்ன கடதாசி வேண்டும் என்று இப்போதே கேளுங்கள். கூட்டத் தெரிந்தவள், எழுத்துப் பிழையும் பார்ப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்

பி.கு.: தங்கச்சி, 12ஆம் பெட்டியில் இருப்பது என் சமூகக் காப்புறுதி இலக்கம். அது கிடைத்தால் என் பெயரில் கடன்கூட எடுப்பார்கள். அந்தப் படத்தைக் குடும்பக் குரூப்பிலிருந்து உடனே அழி. அந்த ஒன்பது இலக்கத்தையும் மாமா லொத்தர் நம்பராக எழுதி வைத்திருக்கிறாராமே, அந்தக் கடதாசியையும் வாங்கிக் கிழித்துவிடு. சீட்டு விழுந்தால் மட்டும் எனக்கு அறிவி.