ஏணிக்கு ஒரு ஜெபம்

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் குடும்ப ஜெபத்தை எத்தனை மணிக்கு வைப்பது என்பது இன்னும் தீராத வழக்கு. சாப்பாட்டுக்குப் பின் வைத்தால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். முன்னால் வைத்தால் ஆண்டவரைவிடக் குழம்பு வாசனை பக்கத்தில் வந்து நிற்கும். முசரவாக்கத்தில் எங்கள் வீட்டில் முன்னால்தான்.

பிள்ளைகளுக்கு விசுவாசத்தை வீட்டுத் தலைவர் எளிமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றுதான் மார்ட்டின் லூத்தர் 1529இல் சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். கட்டளைக்குக் கட்டளை 'இது என்ன?' என்ற கேள்வி அதில் வந்துகொண்டே இருக்கும். அப்போது அவருடைய மூத்த மகனுக்கு மூன்று வயது நிறையப்போகிற சமயம். அந்த வயதில் பிள்ளை இருக்கும் வீட்டில்தான் எழுதினார் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். அதைத் தமிழில் தந்த சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். வந்தவர் போதிப்பதற்கு முன்னால் சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்து எழுதிப் பழகினார். விவரம் தெரிந்த மனுஷன்.

எங்கள் வீட்டில் வேதப்பகுதியைத் தேர்ந்தெடுப்பது முறை வைத்து நடக்கிறது. மகன் முறை வந்தால் சங்கீதம் 117. வேதாகமத்திலேயே சின்ன அதிகாரம் அதுதான், இரண்டே வசனம். நானும் விடவில்லை. என் முறை வந்ததும் 119ஐத் திறந்தேன், 176 வசனம். ஐம்பதைத் தாண்டுவதற்குள் அவன் தலை சுவரில் சாய்ந்தது. தட்டி எழுப்பியதும் அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரத்தை எடுத்துவிட்டான்: "பவுலே பிரசங்கம் பண்ணும்போது ஐத்திகு தூங்கினான்ல? அவன் மூணாம் மாடிலேர்ந்து விழுந்தான். நான் தரையிலதானே உக்காந்திருக்கேன்!" ஞாயிறு பள்ளியில் கற்றது வீணாகவில்லை என்று சந்தோஷப்படுவதா, காதைத் திருகுவதா?

2019இல் அத்திவரதர் 48 நாள் தரிசனம் தந்தபோது எங்கள் பக்கத்துக் காஞ்சிபுரத்தில் கால் வைக்க இடமில்லை. அதற்கு முந்தைய தரிசனம் 1979இல். சமீபத்தில் இந்தக் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொண்ட மகன் பவ்யமாக ஒரு யோசனை சொன்னான்: "நம்ம வீட்டு ஜெபத்தையும் நாப்பது வருஷத்துக்கு ஒருதரம் வச்சா கூட்டம் வரும்பா."

மகள் வேறு ரகம். அவளுக்கு ஜெபம் பிடிக்கும். ஆபத்தே அதில்தான். பக்கத்து வீட்டில் தறி போட்டிருக்கும் அண்ணன் எங்கள் ஏணியை வாங்கிப்போய் வெகு நாளாயிற்று. அதைப் பற்றி நானும் மனைவியும் பேசிக்கொள்வது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஒரு ராத்திரி, எல்லோரும் கண்ணை மூடியிருக்க, மகள் உரத்த குரலில் விண்ணப்பம் வைத்தாள்: "ஆண்டவரே, பெரியப்பா ஏணியைத் திருப்பித் தரணும். அப்பா தினம் புலம்புறார். அம்மா கேக்கச் சொன்னா அப்பாவுக்கு பயம்."

"ஆமென்!" என்று வாசலிலிருந்து கணீரென்று ஒரு குரல். கண்ணைத் திறந்தால் அண்ணன் நிற்கிறார், நெற்றி நிறையத் திருநீறு. விடிவதற்குள் ஏணி எங்கள் சுவரில் சாய்ந்திருந்தது. ஜெபம் கேட்கப்பட்டது என்பதில் மகளுக்கு அணுவளவும் சந்தேகமில்லை. இப்போது மாமா வரும் நாளாகப் பார்த்துச் சைக்கிளுக்காக ஜெபிக்கிறாள், அதுவும் நிறத்தோடு.

இந்தப் பாணியை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. விசாரித்ததில் அவளுடைய ஆயாதான், அதாவது என் அம்மாதான், என்று தெரிந்தது. அண்ணன் தறிக்கு அவர் ராட்டையில் தார் சுற்றிக் கொடுப்பார். ராட்டை சுற்றச் சுற்ற வாய் முணுமுணுக்கும்: அண்ணன் மகளின் பரீட்சை, பஸ் டிரைவரின் முதுகுவலி, கூலி ஏறாத நெசவாளர்கள், எதிர்வீட்டு மாடு. பேர் சொல்லி, சங்கதி சொல்லி ஒவ்வொன்றாக. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து நூலோடு விளையாடுவாள். அங்கே வேதபாடமும் இல்லை, மனப்பாட வசனமும் இல்லை. யாரும் தூங்கியதாகவும் தகவல் இல்லை.

தீமோத்தேயுவின் விசுவாசம் எங்கிருந்து வந்தது என்று பவுல் அவனுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் இருக்கிறது: பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள். அந்தப் பகுதியை வாசித்த அன்று ஆயா நிமிர்ந்து உட்கார்ந்தார். என் மனைவி அதைவிட நிமிர்ந்து உட்கார்ந்தாள். தகப்பனைப் பற்றி அந்த இடத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. குடும்ப ஜெபத்தை நடத்தியவர் அவராகத்தான் இருக்கவேண்டும்.