எடைபோடும் கண்களுக்கு ஒரு பாராட்டு

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவனுடைய ஆயுதச்சாலையைப் பார்த்துவிட்டுப் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. உன் படைக்கலங்கள் பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசிப் பளபளவென்று காவலில் இருக்கின்றன. எங்கள் தலைவனுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கண்டதைக் கண்டபடி சொன்னார், கேட்டவனுக்குச் சுட்டிருக்கும். நானும் அந்த வழியில் சிலரைப் புகழ வேண்டியிருக்கிறது. அவர்களிடம் உண்மையாகவே இருக்கும் திறமையை மட்டுமே சொல்லப்போகிறேன்.

முதல் புகழ் நம் உறவுக்காரர்களுக்கு. மாசி மகத்தையொட்டிக் காரமடை அரங்கநாதருக்குத் தேர் ஓடும்போது கொங்கு நாட்டின் நாலா பக்கமிருந்தும் சனம் வந்து சேர்கிறது. ஒருபக்கம் தீப்பந்தம் ஏந்தும் பந்த சேவை, இன்னொரு பக்கம் தாசர்களுக்குப் பழமும் சர்க்கரையும் தேங்காயும் வைத்துக் கவாளம் என்னும் வழிபாடு. அவ்வளவு நெரிசலிலும் ஓர் அத்தையின் கண் தவறுவதில்லை. பதினைந்து வயதுப் பெண் கூட்டத்தில் ஒதுங்கி நின்றாலும் பிடித்துவிடுவார். “ஏங்கண்ணு, போன வருசத்துக்கு ஒரு சுத்துப் பெருத்துட்டயே! நெறமும் மங்கிப்போச்சு.” பக்கத்தில் நிற்கும் பையனையும் மாமா விடுவதில்லை. “என்னப்பா மாப்ளே, காத்தடிச்சாப் பறந்துருவயாட்ட இருக்குது?”

தராசு இல்லை, நாடா இல்லை. ஒரு வருசத்துக்கு முன் பார்த்த இடுப்பின் அளவை மனதில் வைத்திருந்து இன்றைய அளவோடு ஒப்பிட்டு, நாலு பேர் காதில் விழும்படி அரை நொடியில் முடிவு சொல்லும் இந்தக் கூர்மை எந்தப் படிப்பிலும் வராது. கல்யாண மண்டபத்திலும் சீர் வீட்டிலும் கெடா விருந்திலும் இதே கண்கள் சளைக்காமல் வேலை செய்கின்றன.

அந்தக் கண்ணுக்கு அகப்படாத ஒன்று உண்டு. 2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 19 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தச்சோகை. கண்ணின் கீழிமையை இறக்கிப் பார்த்தால் வெளுப்புத் தெரியும். தேர் பார்க்க நடந்து வந்த பிள்ளை ஏன் கல்திண்ணையைத் தேடி உட்காருகிறாள், மாடிப்படி ஏறினால் ஏன் மூச்சு வாங்குகிறாள் என்று கேட்டாலே போதும். இடுப்பில் ஏறிய இரண்டு கிலோ தெரிகிறது. இறங்கிப்போன இரத்தம் தெரிவதில்லை.

நம் பாட்டிகளுக்கும் கண் இருந்தது. அவர்களும் இளைத்தவன் யார், கொழுத்தவன் யார் என்று பார்த்தார்கள். இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்றார்கள். அந்தப் பழமொழியில் இரண்டு பேருக்கும் கிடைப்பது சாப்பாடு. எவரையும் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. வயதுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்து உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தார்கள். ராகிக்களிக்குத் தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசல், கம்மஞ்சோற்றுக்குத் தயிர், மானாவாரிக் காட்டில் விளைந்த நிலக்கடலை. உடம்பைப் பற்றிப் பேசிய வாய், அடுத்த நிமிடம் அடுப்படியைப் பார்த்துக் கைகாட்டியது. இன்றைய அத்தை பேச்சை மட்டும் வைத்துக்கொண்டார்.

அவருடைய இரண்டாவது திறமை இன்னும் பெரியது. போன தேருக்குப் “பெருத்துட்டயே” என்று சொல்லக் கேட்ட பெண் இந்தத் தேருக்கு ஒடுங்கிப்போய் வருகிறாள். அத்தை மனம் குளிர்ந்து பாராட்டுகிறார்: “இப்பத்தான் கண்ணு அம்சமா இருக்கறே, இப்படியே இரு.” எப்படி இளைத்தாள் என்று யாரும் கேட்பதில்லை. காலையில் பள்ளிப் பேருந்து வந்துவிட்டதென்று சாப்பிடாமல் ஓடியதும், மதிய டப்பாவைத் தோழிக்குக் கொடுத்ததும், இரவில் “தலைவலி” என்று படுத்ததும் அந்தப் பாராட்டுக்குள் மறைந்துபோகின்றன. ஒரு பிள்ளையைச் சாப்பாட்டிலிருந்து விலக்கத் திட்டு வேண்டியதில்லை. இளைத்த பிறகு கிடைக்கும் ஒரு பாராட்டே போதும் என்பதை இந்த அன்பு நிரூபித்திருக்கிறது. அன்பில்தான் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் அந்தப் பிள்ளை நம்புகிறாள்.

அரைவயிறு மனிதனை என்ன செய்யும் என்பது ஆராயப்பட்ட விஷயம். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944–45இல் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமே முன்வந்த 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் உணவைக் குறைத்துக் கொடுத்துப் பார்த்தார். நல்ல உடல்நலமும் மனநலமும் உள்ளவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அவர்கள் குளிரில் நடுங்கினார்கள், எரிந்து விழுந்தார்கள், சிரிப்பை இழந்தார்கள். இரவும் பகலும் சாப்பாட்டு நினைப்பாகவே இருந்து, சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். வளர்ந்து முடிந்த ஆண்களுக்கே அந்தக் கதி. பதின்வயதிலோ உடம்பு இன்னும் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. முழுதாக வளர்ந்த பிறகு இருக்க வேண்டிய எடையில் ஏறக்குறையப் பாதி இந்த வயதில்தான் சேர்கிறது. எலும்பு வாழ்நாளுக்கான உறுதியைச் சேமிப்பதும் இப்போதுதான். அந்த நேரம் பார்த்துத்தான் நாம் “ஒரு சுத்து” என்கிறோம்.

அடுத்த புகழ் களிம்புக்காரர்களுக்கு. ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 1975இல் சந்தைக்கு வந்தது. வெயிலில் களை எடுக்கிற, பூப்பறிக்கிற, கறிவேப்பிலைக் கட்டுச் சுமக்கிற பெண்களின் நாட்டில், வெயில் பட்ட தோல் ஒரு குறை என்று நம்பவைக்க எவ்வளவு பொறுமை வேண்டும்! பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கும் சின்னப் பாக்கெட்டுவரை இறங்கி வந்தார்கள். வேலை கிடைக்காதது, வரன் தட்டிப்போனது எல்லாவற்றுக்கும் காரணம் முகத்தில்தான் இருக்கிறது என்று விளம்பரத்துக்கு விளம்பரம் சொன்னார்கள். 45 வருடம் கழித்து, 2020இல், உலகம் முழுக்க நிறவெறிக்கு எதிராகக் குரல் எழுந்தபோது, பெயரிலிருந்த ‘ஃபேர்’ என்பதை எடுத்துவிட்டு ‘க்ளோ’ என்று வைத்தார்கள். பெயர் மாறிய அன்று, பழைய பெயரோடு வளர்ந்த பெண்கள் பாட்டிகளாகியிருந்தார்கள்.

திரைப்படக்காரர்களும் பங்களித்தார்கள். 2007இல் வந்த ‘சிவாஜி’ படத்தில் முகத்தில் கரி அப்பியதுபோல் ஒப்பனை செய்த இரண்டு பெண்களைக் காட்டித் திரையரங்கையே சிரிக்க வைத்தார்கள். அந்தப் பெண்களுக்கு வைத்த பெயர் அங்கவை, சங்கவை. பாரியின் மகள்கள் என்று நம் மரபு போற்றும் பெயர்கள் அவை. தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றப்பட்ட இரு பெயர்களை ஒரே கோடையில் பள்ளிக்கூடக் கேலிப்பெயராக மாற்ற முடிந்தது. கறுத்த மாணவிகள் எத்தனை பேர் அந்தப் பெயரைச் சுமந்தார்கள் என்பதைத் தமிழ்நாட்டின் எந்த ஆசிரியையைக் கேட்டாலும் சொல்வார்.

சமூக ஊடக நிறுவனத்தாரிடம் எனக்குப் பிடித்தது அவர்களுடைய ஆராய்ச்சி நேர்த்தி. இன்ஸ்டாகிராம் பதின்வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்குத் தன் உடம்பைப் பற்றிய வருத்தத்தை அதிகமாக்குகிறது என்று ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள்அறிக்கை ஒன்றே சொன்னது. தாங்களே துல்லியமாக அளந்து, விளக்கப்படம் போட்டு, பத்திரமாக உள்ளே வைத்திருந்தார்கள். அங்கே வேலை பார்த்த ஃபிரான்செஸ் ஹாகன் ஆவணங்களை வெளியே கொண்டுவந்து, 2021 செப்டம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அச்சிட்ட பிறகே மற்றவர்களுக்குத் தெரிந்தது. இன்றும் காரமடையில் ஒரு பிள்ளை எடை குறைப்பது பற்றி ஒரு காணொளியைப் பார்த்தால், அடுத்து அதே மாதிரிப் பத்து வந்து வரிசையில் நிற்கும். கேட்காமலே பரிமாறுகிறார்கள். 2025 மார்ச்சில் பக்கத்து மாநிலமான கேரளத்தில், இணையத்தில் பார்த்த உணவுக் கட்டுப்பாட்டைப் பின்பற்றிக் கிட்டத்தட்டத் தண்ணீரிலேயே நாள் ஓட்டிய 18 வயதுப் பெண் இறந்துபோனாள்.

பையன்களுக்குப் புரதப் பொடி. 2024இல் மருத்துவர் சிரியாக் ஆபி பிலிப்ஸ் குழுவினர் இந்தியச் சந்தையிலிருந்து 36 பொடிகளை வாங்கிச் சோதித்தபோது, ஏறக்குறைய 70 விழுக்காட்டில் டப்பாவில் எழுதியிருந்த புரத அளவு உண்மையாக இல்லை. எழுத்து மட்டும் பெரிதாக, தெளிவாக இருந்தது. நம் காட்டில் நிலக்கடலையும் தட்டைப்பயறும் கொள்ளும் விளைகின்றன. அவற்றுக்கு டப்பாவும் இல்லை, திரண்ட புஜத்தின் படமும் இல்லை.

அரசைப் பற்றிச் சொல்ல எனக்குக் கலப்பில்லாத நன்றியும் உண்டு. 1956இல் காமராசர் தொடங்கி, 1982இல் எம்.ஜி.ஆர். விரித்த மதிய உணவு இன்று பத்தாம் வகுப்புவரை முட்டையோடு கிடைக்கிறது. 2022 முதல் சின்னக் குழந்தைகளுக்குக் காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது. வாரம் ஓர் இரும்புச்சத்து மாத்திரையும் தருகிறார்கள். தட்டில் சோறு வந்துவிட்டது. அந்தத் தட்டைத் தள்ளிவைக்கச் சொல்லும் குரல்தான் எங்கும் கேட்கிறது. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020இல் விதி வந்தது. அது நல்ல விதி. அமலாக வேண்டும்.

உறவுக்காரர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தனை கூர்மையான கண்ணை வைத்திருக்கிறீர்கள். அதை வேறு பக்கம் திருப்புங்கள். அடுத்த தேருக்கு வரும் பிள்ளையின் உடம்பைப் பற்றி, கூடியதென்றோ குறைந்ததென்றோ, ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லையா, முடி கொத்தாகக் கொட்டுகிறதா, பங்குனி வெயிலிலும் கை சில்லிட்டிருக்கிறதா, சாப்பிட்டவுடன் எழுந்துபோய்க் கழிவறைக் கதவைத் தாழிடுகிறாளா, பையன் சோற்றை விட்டுவிட்டுப் பொடியைக் கலக்கிக் குடிக்கிறானா என்று பாருங்கள். பார்த்தால் திட்டாமல், ஊரைக் கூட்டாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மேட்டுப்பாளையத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் உண்டு. யாரிடம் சொல்வதென்று தெரியாவிட்டால் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும், கட்டணம் இல்லாமல், தமிழிலேயே பேசலாம்.