மூக்கு முடிவதற்குள் மாம்பலம்

தினம் ஒரு படம் வரைந்தே தீருவது என்று சங்கல்பம் செய்துகொண்டவரை முதலில் காட்டிக்கொடுப்பது அவருடைய சட்டைப்பைதான். கறுப்பாக ஒரு மைக் கறை நிரந்தரமாகக் குடியிருக்கும். தண்ணீர் பட்டாலும் கரையாத உயர்ந்த மை என்று பெருமையாக வாங்கியது. அந்த உயர்வு என்னவென்று வீட்டில் துணி துவைப்பவருக்கு நன்றாகவே தெரியும்.

இந்த வம்சத்தின் மூதாதை என்று பெர்லின் ஓவியர் அடால்ஃப் மென்ஸெலைச் (1815–1905) சொல்லலாம். அவருடைய ஓவர்கோட்டில் எட்டுப் பைகளாம்; அவற்றில் ஸ்கெட்ச் புக்கும் பென்சிலும் எப்போதும் இருக்கும். இரண்டு கையாலும் வரைவார். சென்னை வெயிலில் ஓவர்கோட்டுக்கு வழியில்லாததால் நம்மவருக்கு ஜோல்னாப் பை. 2பி, 4பி, 6பி பென்சில்கள், ஷார்ப்னர், ரப்பர், தண்ணீர் நிரப்பிய பிரஷ் என்று அதில் எல்லாம் தவறாமல் இருக்கும். டிபன் பாக்ஸ்தான் சில நாள் விட்டுப்போகும்.

கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில்தான் அவருக்கு ஓவியக் கல்லூரி. எதிர் சீட்டில் அசையாமல் தூங்குகிறவர் கிடைத்தால் அன்று நல்ல நாள். ஆனால் கூட்டத்தில் பாதி மாம்பலத்தில் இறங்கிவிடும். எழும்பூரில் தொடங்கிய நெற்றி, கோடம்பாக்கத்தில் புருவமாகி, மூக்குக்கு வருவதற்குள் ஆள் எழுந்து கதவருகே போய்விடுவார். அவருடைய நோட்டைப் புரட்டினால் ஓர் உண்மை தெரியும்: முழு மூக்கு உள்ளவர்கள் எல்லாரும் தாம்பரம் வரை டிக்கெட் எடுத்தவர்கள்.

ஆபீஸிலும் விரதம் தொடர்கிறது. நியூயார்க்கில் ஓவியம் கற்பித்த கிமோன் நிகோலைட்ஸின் பாடநூல் அவர் இறந்த பிறகு 1941இல் வெளிவந்தது. அதில் ஒரு பயிற்சி உண்டு. தாளைப் பார்க்கக் கூடாது. எதிரே இருப்பதன் விளிம்பில் கண் மெல்ல ஊர வேண்டும், அதே வேகத்தில் பென்சிலும் ஊர வேண்டும். மீட்டிங்கில் நம்மவர் மேனேஜரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் இதைத்தான் செய்கிறார். இவ்வளவு கவனமாகக் கேட்டுக் குறிப்பெடுக்கும் ஊழியர் வேறு யாரும் இல்லை என்று மேனேஜர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்தக் குறிப்பில் அவருடைய காது கழுத்துக்குக் கீழே இருக்கிறது.

தெருவில் இறங்கினால்தான் உண்மையான சோதனை. கேப்ரியல் கேம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர் 2007இல் சியாட்டிலில் தொடங்கிவைத்த ‘அர்பன் ஸ்கெச்சர்ஸ்’ இயக்கத்தின் முதல் விதி, அந்தந்த இடத்திலேயே கண்ணால் பார்த்து வரைய வேண்டும் என்பது. சியாட்டிலில் அது சுலபமாக இருக்கலாம். மயிலாப்பூர் சித்திரக்குளம் பக்கம் ஒரு பழைய வீட்டுக்கு எதிரே நோட்டும் கையுமாக நின்று பாருங்கள்.

“சார், ரோடு அகலப்படுத்தறாங்களா? எங்க திண்ணை போயிடுமா?”

“இல்லீங்க, சும்மா வரையறேன்.”

“சும்மா யாராவது வரைவாங்களா? எந்த டிபார்ட்மெண்ட்?”

நோட்டைக் காட்டிய பிறகுதான் சந்தேகம் தீரும். தீர்ந்த கையோடு விமரிசனம் வரும். “எங்க திண்ணை இவ்வளவு கோணலாவா இருக்கு? இதுக்கு ஒரு போட்டோ எடுத்துக்கலாமே சார்!” அப்புறம் காபியும் வரும். காபிக்குப் பின்னால், உட்காரவே உட்காராத நாலு வயசுப் பேத்தி வருவாள். “இவளை ஒண்ணு போட்டுக் குடுங்களேன்.”

அக்டோபர் வந்தால் விரதம் உக்கிரமாகும். அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கர் 2009இல் தொடங்கிய ‘இங்க்டோபர்’ கணக்குப்படி 31 நாளும் மையில் ஒரு படம். நமக்கு அது வடகிழக்குப் பருவமழை தொடங்கும் மாதம். ஈரத்தில் நமத்த தாளில் மை ஊறி, கோயில் கோபுரம் வேப்பமரமாகிவிடும். பல வருஷம் சரஸ்வதி பூஜையும் அதே மாதத்தில் வருவது ஓர் ஆறுதல். பேனாவையும் நோட்டையும் பூஜையில் வைத்துவிட்டால் அன்று தொடக் கூடாது. கலைவாணியே சாங்ஷன் செய்த கேஷுவல் லீவு!

மற்ற நாளில் சாக்குகளுக்குப் பஞ்சமில்லை. வெளிச்சம் சரியில்லை என்பது அவற்றில் தலையாயது. ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காக ஓவியர் சில்பி எத்தனை கோயில்களின் அரையிருட்டில் உட்கார்ந்து வரைந்தார் என்பது ஞாபகம் வந்தால் நம்மவர் கொஞ்சம் நெளிவார். ரெட்டினைடிஸ் பிக்மெண்டோசா நோயால் பார்வை குறைந்துகொண்டே போன காலத்திலும், மதுரையை நுணுக்கம் நுணுக்கமாக வரைந்த மனோகர் தேவதாஸ் ஞாபகம் வந்தால் பேசாமல் பென்சிலை எடுத்துவிடுவார். அன்றைக்கு வரைவது பெரும்பாலும் முருங்கைக்காய். அதை நறுக்கக் காத்திருப்பவரின் பொறுமையைப் பொறுத்து ஷேடிங் அமையும்.

இவ்வளவு வரைந்தும் கை தேறியதா என்றால், முருங்கைக்காய் தேறியிருக்கிறது. முகங்கள் இன்னும் இல்லை. காரணம், நல்ல தாளைக் கண்டால் அவருக்கு வரும் பயம். வாட்டர்கலர் தாங்கும் 300 ஜி.எஸ்.எம். ஸ்கெட்ச் புக்குகள் அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. எல்லாவற்றிலும் முதல் பக்கம் வெள்ளை. கெடுத்துவிடுவோமோ என்று கை நடுங்குமாம். நடுங்காமல் ஓடும் கோடுகள் எல்லாம் கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இருக்கின்றன. அங்கே டீக்கடை மாஸ்டரின் மீசைக்குள் ராகு காலமும் எமகண்டமும் லேசாகத் தெரியும். ஆனாலும் மாஸ்டர் மாஸ்டராகவே இருக்கிறார்.

ஆகவே, உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், பிறந்தநாள் பரிசாக இன்னொரு விலையுயர்ந்த ஸ்கெட்ச் புக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். காலண்டர் தாளைக் கிழித்ததும் குப்பையில் போடாமல் எடுத்துவைத்தால் போதும்.