இடைவெளி விட்டால் அன்னாசி கடிக்கும்

நார்வேக்காரர்கள் இரண்டு பெயர்ச்சொற்களைச் சேர்த்தால் நடுவே காற்றுகூடப் புகாதபடி ஒட்டிவிடுவார்கள். படிக்கிறவன் மூச்சுவிடக் கொஞ்சம் இடம் விட்டால்தான் என்ன என்று வெளியூர்க்காரருக்குத் தோன்றும். விடலாம், பொருள் ஓடிவிடும். ‘அனனாஸ்பீட்டெர்’ என்றால் அன்னாசித் துண்டுகள். ‘அனனாஸ் பீட்டெர்’ என்றால் அன்னாசி கடிக்கிறது. ‘லம்மெலோர்’ ஆட்டுக்குட்டியின் தொடைக்கறி. பிரித்தால் வாதம் வந்த தொடைகள். பிரிமொழிச் சிலேடைக்குக் கவி காளமேகம் மெனக்கெட வேண்டியிருந்தது. அங்கே ஒரு கறிக்கடைப் பலகை போதும்.

வேடிக்கை என்னவென்றால், எழுத்தில் பிரித்துவிடும் இந்தப் பிழையை வாயால் எந்த நார்வேக்காரரும் செய்வதில்லை. கூட்டுச்சொல்லில் முதல் உறுப்பு முழு அழுத்தத்தையும் எடுத்துக்கொள்ள, அடுத்தது அரை அழுத்தத்தோடு அடங்கிப்போகும். தனித்தனிச் சொற்களானால் இரண்டும் நிமிர்ந்து நிற்கும். காகிதத்தில் அழுத்தக்குறி கிடையாது. சேர்த்து எழுதுவதே அந்தக் குறி என்பது என் கட்சி. பிரித்தெழுதும் பழியெல்லாம், கூட்டுச்சொல்லைப் பெரும்பாலும் பிரித்தே எழுதும் ஆங்கிலத்தின் தலையில் விழுகிறது; அதில் நியாயமும் உண்டு. ஆனால் கணினிக்கும் பங்கு உண்டு. புதிதாகக் கட்டிய கூட்டுச்சொல் அதன் அகராதியில் இருக்காது, உடனே சிவப்புக்கோடு போடும். நடுவில் ஓர் இடைவெளி தட்டினால் கோடு மறையும். மனிதன் வேறென்ன செய்வான்? இந்தப் பிழையின் பெயர் ‘சேர்ஷ்க்ரீவிங்ஸ்ஃபெயில்’. நல்லவேளை, அதையாவது சேர்த்தே எழுதுகிறார்கள்.

இடம்பார்த்துப் புரிந்துகொள்ள மாட்டோமா, அன்னாசிக்குப் பயந்து யார் ஓடினார் என்று கேட்கலாம். அன்னாசிக்குச் சரி. ‘ரொய்க்ஃப்ரிட்’ என்றால் புகையற்ற இடம். ‘ரொய்க் ஃப்ரிட்’ என்றால் தாராளமாகப் புகையுங்கள். ஒரே சுவரில் இரண்டும் பொருந்துமே! சேர்த்தெழுத்து மட்டும் அத்தனை நாணயமா என்று கேட்பவரிடம் கொஞ்சம் சரக்கு உண்டு. இரவு என்னும் சொல் இரண்டு ‘ட்’டில் முடியும், ரயில் என்னும் சொல் ஒரு ‘ட்’டில் தொடங்கும்; சேர்ந்து இரவு ரயிலானால் மூன்று இருக்க வேண்டும், எழுதுவதோ இரண்டு. ஒன்றை விழுங்கிவிட்டார்கள். ஆனால் அதே சொல் வரிக்கடைசியில் உடைய நேர்ந்தால், விழுங்கிய எழுத்தை வட்டியில்லாமல் திருப்பித் தருகிறார்கள்: முதல் வரியில் இரண்டு, அடுத்த வரியில் ஒன்று. தையல் எங்கே என்று சொல்லுக்குத் தெரிந்தே இருக்கிறது.

ஆகவே நார்வே போகிறவர்களே, முழநீளச் சொல் எதிரே வந்தால் மிரளாதீர்கள். முதல் உறுப்பில் ஊன்றுங்கள், மற்றதை அடக்கி வாசியுங்கள். கடைசி எழுத்து வரும்வரை மூச்சை மட்டும் விட்டுவிடாதீர்கள்.