இந்திய நர்சிங் கவுன்சிலுக்குக் காரைக்காலிலிருந்து ஒரு பாராட்டு விண்ணப்பம்

பெறுநர்: இந்திய நர்சிங் கவுன்சில், புது தில்லி.

படி: மத்தியக் குடிமைப் பணி (விடுப்பு) விதிகள், 1972, விதி எண் 50 (விதிகளுக்கு நேரடியாகப் படி அனுப்பும் வழக்கம் இல்லை, எனினும் செவிலியர் வாழ்வில் அலுவலர்களைவிட விதிகளே அதிகம் பேசுவதால் இம்முறை கையாளப்படுகிறது).

பொருள்: பணியிலிருக்கும் செவிலியர் பட்டம் படிக்க விரும்பும்போது அவரது அனுபவத்தைக் கவுன்சில் கணக்கிடும் முறைக்குப் பாராட்டு தெரிவித்தல்.

மேதகு கவுன்சில் அறியாதது எதுவுமில்லை என்றாலும், விண்ணப்பம் என்றால் தெரிந்ததை முதலில் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்பதால், 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து நாடு முழுவதும் செவிலியர் கல்வி ஒரே தரத்தில் நடக்கப் பொறுப்பேற்றிருக்கும் அமைப்பு அதுவே என்பது இங்கு வணக்கத்துடன் நினைவுகூரப்படுகிறது. நோயாளிகளின் பார்வையில் வார்டில் நிற்கும் எல்லாரும் ‘சிஸ்டர்’ என்னும் ஒரே பெயருக்கு உரியவர்கள். கவுன்சிலின் பார்வை அத்தனை எளிமையானது அன்று. ஜி.என்.எம். எனச் சுருக்கி வழங்கப்படும் பொதுச் செவிலியம், பேறுகாலப் பணிக்கான பட்டயம் 3 ஆண்டுப் படிப்பு, பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டுப் பட்டப்படிப்பு; பட்டயம் பெற்றுப் பதிவு செய்துகொண்டவர்கள் பிற்காலத்தில் பட்டதாரியாக உதவும் ‘போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.’ 2 ஆண்டுப் படிப்பு. பள்ளி முடித்த மாணவி 4 ஆண்டில் அடையும் இடத்தைப் பட்டயச் செவிலியர் 3, 2 எனக் கூட்டி 5 ஆண்டில் அடைகிறார் என்பதும், இடையே வார்டில் கழித்த பத்தோ பதினைந்தோ ஆண்டுகள் அந்தக் கூட்டலில் எந்தப் பத்தியிலும் இடம்பெறுவதில்லை என்பதும் இக்கணக்கின் சிறப்புகள்.

போஸ்ட் பேசிக் என்னும் இந்த வாயிலுக்கு நல்ல வரலாறு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் தில்லியின் செவிலியர் கல்லூரியும் 1946இல் நர்சிங்கைப் பட்டப்படிப்பாக்கின. பணியிலிருந்த பட்டயச் செவிலியருக்கான 2 ஆண்டுப் பட்டம் 1963இல் திருவனந்தபுரத்தில் முதன்முதலாகத் தொடங்கியது. சரோஜினி வரதப்பன் தலைமையில் 1989இல் அறிக்கை தந்த செவிலியர் உயர்மட்டக் குழு, இருக்கும் பட்டயச் செவிலியர் மேற்படிப்புக்கு வழி பெற இப்படிப்பு தொடர வேண்டும் எனப் பரிந்துரைத்தது. கவுன்சிலும் பரிந்துரையை மதித்து வாயிலைத் திறந்தே வைத்திருக்கிறது. வாயிலுக்கும் வார்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றி மட்டும் எந்தக் குழுவும் விரிவாகப் பேசியதாகத் தெரியவில்லை.

அத்தூரத்தைக் காரைக்காலில் வைத்துப் பார்ப்பது தெளிவு தரும். 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்த இப்பகுதி, புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் ஒரு துண்டாக, மூன்று பக்கம் தமிழ்நாடும் ஒரு பக்கம் கடலுமாக, காவிரிக் கழிமுகத்தில் அமர்ந்திருக்கிறது. தம் சொந்தப் பிரதேசத்தின் தலைநகரில் உள்ள அலுவலகத்தில் ஒரு கையெழுத்து வாங்க வேண்டிய காரைக்கால் செவிலியர், தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என அண்டை மாநிலத்தின் ஊர்களைக் கடந்து 130 கிலோமீட்டருக்கும் மேல் பஸ்ஸில் போகிறார். நைட் டூட்டி முடிந்து காலையில் ஓவர் கொடுத்துவிட்டு, அதாவது அடுத்த முறைப் பணியாளரிடம் நோயாளிகளின் நிலையை ஒப்படைத்துவிட்டு, பஸ் ஏறுபவர் கடலூர் வருவதற்குள் தூங்கிவிடுவார் என்பதால், இப்பயணத்தை ஓய்வு நேரம் என்றும் கணக்கிடலாம்.

இனிப் பாராட்டுக்குரிய போஸ்ட் பேசிக் பாடத்திட்டம். முதலாண்டில் நர்சிங் அடிப்படைகள் என்னும் பாடத்துக்கு 45 மணிநேர வகுப்பு உண்டு. படுக்கை விரிப்பது முதல் பிணத்தைப் பொதிவது வரை பத்தாண்டுகளாகச் செய்துவருபவருக்கு அடிப்படை மறந்திருக்கும் என்று கவுன்சில் கருதியதில் ஒரு தாய்மை தெரிகிறது. தாய்மை நலச் செவிலியத்தில் 240 மணி, குழந்தை நலத்தில் 240 மணி, பொது மருத்துவ, அறுவைச் செவிலியத்தில் 270 மணி என முதலாண்டின் இம்மூன்று பாடங்களுக்கு மட்டும் 750 மணிநேரச் செய்முறைப் பயிற்சி விதிக்கப்பட்டிருக்கிறது. வாரம் 6 டூட்டி, டூட்டிக்கு 8 மணி, ஆண்டுக்கு 48 வாரம் எனக் கொண்டால், பத்தாண்டு பணி செய்தவர் 23,040 மணிநேரம் வார்டில் நின்றிருக்கிறார். விதிக்கப்பட்ட 750 மணி என்பது அவருக்கு 94 டூட்டி. நான்கு மாதம்கூட ஆகாது. அந்த 23,040 மணியிலிருந்து இந்த 750 மணிக்குக் கழித்துக்கொள்ள அனுமதிக்கப்படும் அளவு பூச்சியம். பத்தாண்டில் அவர் கையில் பிறந்த குழந்தைகள் இன்று பள்ளியில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்க, அவர் மாணவர் உடை அணிந்து பிரசவ அறையில் நின்று, பிரசவம் பார்த்ததாக ரெக்கார்டு நோட்டில் எழுதி, தம்மைவிட வயதில் இளைய ஆசிரியையிடம் கையெழுத்து வாங்குவார். ரெக்கார்டின் அட்டைக்கு என்ன நிறக் காகிதம் சுற்ற வேண்டும் என்பதைக் கவுன்சில் கல்லூரிகளின் விருப்பத்துக்கு விட்டிருப்பது ஒன்றே இதில் காணப்படும் தளர்வு.

இப்பட்டத்தின் பயனை மறுப்பது இவ்விண்ணப்பத்தின் நோக்கம் அன்று. லிண்டா ஐக்கன் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, பட்டதாரிச் செவிலியரின் விகிதம் 10 விழுக்காடு கூடியிருக்கும் இடங்களில் அறுவை நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு 5 விழுக்காடு குறைந்திருப்பதைக் காட்டியது. செவிலியரின் அனுபவ ஆண்டுகள் அத்தகைய தனி விளைவைக் காட்டவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவே. கவுன்சில் தன் பூச்சியத்துக்குச் சான்று தேட நேர்ந்தால் சிரமப்பட வேண்டாம் என்பதற்காகவே அது இங்கு எடுத்துத் தரப்படுகிறது. இரண்டாமாண்டில் வரும் ஆராய்ச்சியும் புள்ளியியலும் எந்த நைட் டூட்டியும் கற்றுத் தராதவை என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அவற்றைப் படிக்கத்தான் செவிலியர்கள் போக விரும்புகிறார்கள்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்குச் செவிலியரைத் தேர்ந்தெடுக்கும் ‘நார்செட்’ என்னும் பொதுத் தேர்வில், பட்டதாரிகளோடு, 50 படுக்கையாவது உள்ள மருத்துவமனையில் 2 ஆண்டு பணி செய்த பட்டயச் செவிலியரும் சமமாக அமரலாம். தேர்ச்சி பெற்றால் இருவருக்கும் ஏழாவது ஊதியக் குழுவின் 7ஆம் நிலையில் ஒரே தொடக்கச் சம்பளம், ரூ. 44,900. ஆள் எடுக்கும் மேசையில் 2 ஆண்டு அனுபவம் ஒரு பட்டத்துக்கு ஈடாகிறது. அதே அனுபவம் பத்தாண்டாகப் பெருகிக் கல்லூரி மேசைக்கு வரும்போது 45 மணிநேர அடிப்படை வகுப்புக்குக்கூட ஈடாவதில்லை. அனுபவம் பயனற்றது என்று ஆய்வு சொல்வது சரியானால் முதல் மேசை தவறு. பயனுள்ளது என்றால் இரண்டாம் மேசை தவறு. இரண்டும் சரி என்று வைத்துக்கொண்டு நிர்வாகம் நடத்தும் கலை அரிதானது. காரைக்கால் அம்மையாரின் கணவர் முதல் மாங்கனியை உண்டு சுவைத்துவிட்டு, அடியாருக்கு இட்டுத் தீர்ந்துபோன இன்னொன்றையும் கொண்டுவரச் சொன்ன கதையை, ஆண்டுதோறும் ஆனியில் மாங்கனி இறைக்கும் இவ்வூர் நன்றாக அறியும். அம்மையாருக்கு இன்னொரு கனியை இறைவன் கொடுத்தார்; செவிலியருக்குக் கல்வி விடுப்பு கொடுக்கப்பட வேண்டும்.

விதி எண் 50 அந்த விடுப்பைப் பற்றியது. பணியோடு நேரடித் தொடர்புடைய மேற்படிப்புக்காக, 5 ஆண்டுக்குக் குறையாத பணிக்காலம் உடைய அரசு ஊழியருக்குப் பணிக்காலம் முழுவதிலும் 24 மாதம் வரை கல்வி விடுப்பு அளிக்கலாம் என்றும், அக்காலத்தில் கடைசியாகப் பெற்ற ஊதியமே விடுப்பு ஊதியமாகக் கிடைக்கும் என்றும் அதுவும் அதைத் தொடர்ந்து வரும் விதிகளும் கூறுகின்றன. போஸ்ட் பேசிக் படிப்பும் 24 மாதம். ஆனால் அதே விதி எண் 50, விடுப்பால் பணியணியில் இடர்ப்பாடு நேரும் வகையில் அது வழங்கப்படலாகாது என்றும் சொல்கிறது. இரவில் ஒரு செவிலியர் ஒரு வார்டையே தனியாகச் சுமக்கும் மருத்துவமனையில் யார் போனாலும் இடர்ப்பாடுதான் என்பதால், இந்த ஒரு சொற்றொடரைக் கொண்டு எந்த விண்ணப்பத்தையும் எக்காலத்திலும் திருப்பி அனுப்பலாம். சனிப்பெயர்ச்சிக்குக் காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றில் லட்சக்கணக்கானோர் குவியும் ஆண்டுகளில் அதற்கு விளக்கமும் தேவைப்படாது. மேலும், பணியிலிருந்தபடியே கூடுதல் தகுதி பெறும் மத்திய அரசு ஊழியருக்கு 2019இன் ஆணைப்படி, 3 ஆண்டுக்கு மேற்படாத பட்டத்துக்கு ஒருமுறை ஊக்கத்தொகையாக ரூ. 10,000 உண்டு, கல்வி விடுப்பு எடுத்துப் படித்தவருக்கு அது இல்லை. பகல் முழுதும் நடக்கும் முழுநேரப் படிப்பை விடுப்பே எடுக்காமல் முடிக்கும் செவிலியருக்காக அத்தொகை கருவூலத்தில் காத்திருக்கிறது.

தனியார் மருத்துவமனைச் செவிலியரின் நிலை சுருக்கமானது. அவர்களுக்கு விதி 50 இல்லை. படிக்கப் போவதாகச் சொன்னால் கிடைப்பது பணிவிலகல் கடிதத்துக்கான வெள்ளைத்தாள். உச்ச நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு உத்தரவுப்படி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் மாதம் ரூ. 20,000க்குக் குறையாத சம்பளம் தர வேண்டும் எனப் பரிந்துரைத்தது. பரிந்துரை என்பது ஆணை அன்று.

வேறு வழியே உலகில் இல்லை என்றால் கவுன்சிலைப் பாராட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். பணியிலுள்ள செவிலியர் வேலையை விடாமல் பட்டம் பெற இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், கனடாவின் அத்தபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994இல் வழி செய்தது. அதே ஆண்டில் இந்தியாவிலும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொலைநிலை போஸ்ட் பேசிக் படிப்பைத் தொடங்கி, பிளஸ் டூ படித்த பட்டயச் செவிலியரிடம் 2 ஆண்டு அனுபவத்தையும், பத்தாம் வகுப்போடு வந்தவரிடம் 5 ஆண்டு அனுபவத்தையும் நுழைவுத் தகுதியாகவே கேட்டது. அதற்கும் குறைந்தது 3 ஆண்டு ஆகும் என்றாலும், அனுபவத்தை எண்ணிப் பார்க்க முடியும் என்பதை அது நிறுவிவிட்டது. நியூயார்க் மாநிலம் 2017இல் சட்டம் இயற்றிப் புதிய செவிலியர்கள் பத்தாண்டுக்குள் பட்டம் பெற வேண்டும் என்றபோது, வேலையை விட்டுவிட்டுப் படிக்கும்படி சொல்லவில்லை; மாலையிலும் இணையத்திலும் படிக்கும் ஏற்பாடுகள் அங்கே ஏற்கெனவே பரவியிருந்தன. இங்கோ பட்டயப் படிப்பையே படிப்படியாகக் கைவிடப்போவதாகக் கவுன்சில் சில ஆண்டுகளுக்கு முன் அறிவித்து, பின்னர் காலக்கெடுவைத் தளர்த்தியது. இனி வருவோர் பட்டதாரிகளாக இருப்பர். ஏற்கெனவே வந்துவிட்டவர்கள் என்ன ஆவது என்பதே கேள்வி.

கவுன்சிலின் இடத்தில் புதிய ஆணையம் அமைய வழிசெய்யும் தேசிய செவிலியம், பேறுகாலப் பணி ஆணையச் சட்டம் 2023இல் நிறைவேறிவிட்டது. வருபவர் வீட்டைத் துப்புரவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுச் செல்லாமல், போகும் முன்பே கவுன்சில் செய்யக்கூடியவை சில உண்டு. மருத்துவமனைக் கண்காணிப்பாளரும் செவிலியர் கண்காணிப்பாளரும் சான்றளிக்கும் வார்டுப் பணியை, திறன் தேர்வு ஒன்று வைத்து, 750 மணியில் ஒரு பகுதிக்கேனும் ஏற்றுக்கொள்ளலாம். ஜிப்மர் மருத்துவக் கல்லூரியின் கிளை 2016 முதல் இயங்கும் காரைக்கால் போன்ற ஊர்களில், கோட்பாட்டு வகுப்புகளை மாலையிலும் வார இறுதியிலும் நடத்த அனுமதிக்கலாம். படிக்கப் போகும் செவிலியருக்கு மாற்றுப் பணியாளரை அமர்த்துவது மருத்துவமனையின் கடமை என்று ஒரு வரி எழுதி, விதி எண் 50இன் பொறுப்பாளர்களுக்கு அனுப்பலாம். இவற்றுள் எதையும் செய்ய இயலாது எனக் கவுன்சில் முடிவு செய்தால், அனுபவத்துக்குத் தான் இட்டிருக்கும் மதிப்பு பூச்சியம் என்பதை நார்செட் தேர்வு நடத்துவோருக்கும் எழுத்துமூலம் தெரிவித்துவிடும்படி வேண்டிக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
நைட் டூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் காரைக்கால் செவிலியர் சார்பில்.